சரிந்த பேட்டையை எழுப்பும் திட்டம்: முதலில் மனை, பிறகுதான் மாடி

நகரத்தின் மையத்துக்கு அருகிலேயே ஒரு பேட்டை இருக்கும். ஆனால் யாரும் அங்கே வீடு பார்க்கப் போகமாட்டார்கள். பாதிக் கடைகள் பூட்டிக் கிடக்கும். கூரை போன வீடுகள், குப்பை கொட்டிய காலிமனைகள், அந்த முகவரியைக் கேட்டாலே கடன் கிடையாது என்று சொல்லும் வங்கி. இப்படியொரு பகுதியை மீட்டெடுக்க வேண்டும் என்றதும் அரசியல்வாதியும் அதிகாரியும் முதலில் கேட்பது புது நடைபாதை, அலங்கார விளக்கு, சுவரோவியம், பூங்கா. பணம் இருந்தால் இவற்றை ஆறு மாதத்தில் செய்துவிடலாம். செய்தபின் நடப்பதுதான் சிக்கல். இரண்டே வருடத்தில் எல்லாம் உடைந்து பழைய நிலைக்கே போகலாம். இல்லையென்றால் இடம் அழகாகி, வாடகை ஏறி, அங்கே கஷ்டகாலத்தில் குடியிருந்தவர்கள் நல்லகாலம் வரும்போது வெளியேறுவார்கள்.

இரண்டுக்கும் காரணம் ஒன்றே: மனை யார் கையில் இருக்கிறது, அதில் என்ன வரவேண்டும் என்று முடிவெடுப்பது யார் என்ற கேள்வியைத் தீர்க்காமல் வேலையைத் தொடங்குவது. இந்தக் கேள்வியை முதலில் கையிலெடுத்த ஒரு பேட்டை, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ராக்ஸ்பரி பகுதியின் டட்லி தெரு. நகர்ப்புற மீட்புத் திட்டம் என்றால் என்ன, அதன் படிகள் எவை என்பதைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல பாடம் குறைவு.

எப்படிச் சரிந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்

ஒரு பேட்டை தானாகச் சரிவதில்லை. 1930களில் அமெரிக்கக் கூட்டரசின் வீட்டுக்கடன் நிறுவனம் ஒன்று நகரங்களின் வரைபடங்களில் பகுதிகளைத் தரம் பிரித்தது. 'ஆபத்தானவை' என்று அது கருதிய பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணம். கறுப்பினத்தவரும் குடியேறிகளும் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பில் விழுந்தன. ராக்ஸ்பரியும் அப்படித்தான். கடன் கிடைக்காத இடத்தில் வீட்டைப் பழுதுபார்க்க முடியாது, விற்கவும் முடியாது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வெள்ளையர்கள் புறநகருக்குப் போனார்கள். வாங்க ஆளில்லாத கட்டடத்தைச் சிலர் காப்பீட்டுத் தொகைக்காகத் தாங்களே கொளுத்தினார்கள். டட்லி பகுதியின் மக்கள்தொகை 1950க்கும் 1980க்கும் இடையில் பாதிக்கு மேல் குறைந்தது. 1980களின் நடுவில் அங்கே சுமார் 1,300 காலிமனைகள். மொத்த நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெறும் தரை. நகரத்தின் மற்ற பகுதிகளிலிருந்து லாரிகள் இரவில் வந்து இடிபாடுகளையும் இறைச்சிக் கழிவையும் அங்கே கொட்டின.

திட்டம் போடுகிறவருக்கு இந்த வரலாறு அலங்கார முன்னுரை இல்லை. சரிவின் காரணத்தைப் பொறுத்துத்தான் மருந்து மாறும். ஆலை மூடி வேலை போனதால் சரிந்த பேட்டையில் வீடு கட்டிப் பயனில்லை. வருமானம் இல்லாமல் வீடு மறுபடி காலியாகும். வேலைக்குப் போகிறவர்கள் இருந்தும் கடன் மறுக்கப்பட்டு, மனைகள் சிதறியதால் சரிந்த பேட்டையில்தான் நிலமும் வீடும் முதல் மருந்து. டட்லி இரண்டாவது வகை.

மேசையைச் சுற்றி யார்?

1984இல் ரைலி அறக்கட்டளையைச் சேர்ந்தவர்கள் டட்லிக்கு ஒரு நன்கொடை விண்ணப்பம் பார்க்க வந்தார்கள். பகுதியின் நிலையைக் கண்டு, ஒரு நிறுவனத்துக்குச் சிறுதொகை கொடுத்துப் போவதை விட மொத்தப் பேட்டைக்கும் ஏதாவது செய்யலாம் என்று முடிவெடுத்தார்கள். சேவை நிறுவனங்களோடு சேர்ந்து டட்லி தெரு குடியிருப்பு முன்முயற்சி என்ற அமைப்புக்கு வரைவு தயாரானது. ஆங்கில எழுத்துகளில் சுருக்கி டி.எஸ்.என்.ஐ. என்பார்கள். நிர்வாகக் குழுவில் 23 பேர், அதில் குடியிருப்பவர்களுக்கு 4 இடம். 1985இல் பொதுக்கூட்டத்தில் இதை அறிவித்ததும் மக்கள் எழுந்து, உங்களில் எத்தனை பேர் இங்கே குடியிருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். வரைவு அன்றே உடைந்தது. மாற்றி எழுதிய அமைப்பில் குடியிருப்பவர்களே மிகப்பெரிய அணி. ஆப்பிரிக்க அமெரிக்கர், லத்தீன் அமெரிக்கர், கேப் வெர்டி தீவினர், வெள்ளையர் என நான்கு சமூகங்களுக்கும் சம இடம். எண்ணிக்கைக்கு ஏற்ப இடம் என்று போயிருந்தால் பெரிய சமூகம் மட்டுமே முடிவெடுத்திருக்கும்; சம இடம் கொடுத்ததால் எந்த ஒரு சமூகமும் தனியாக முடிவெடுக்க முடியவில்லை.

வெளியாட்கள் முடிவெடுத்தால் தங்களை வெளியேற்றிவிடுவார்கள் என்ற மக்களின் பயத்துக்கு உள்ளூரிலேயே ஆதாரம் இருந்தது. அதே பாஸ்டனில், 1950களின் இறுதியில், வெஸ்ட் எண்ட் என்ற பகுதியைச் 'சேரி' என்று அறிவித்து மாநகராட்சி இடித்துத் தள்ளியது. சுமார் 2,700 குடும்பங்கள் வெளியேறின. அந்த இடத்தில் எழுந்தவை வசதியானவர்களுக்கான அடுக்குமாடிகள். அதைச் செய்த மாநகராட்சியின் மறுமேம்பாட்டு ஆணையமே, 1984 இறுதியில், டட்லி சதுக்கத்துக்கு ஓட்டல்களும் அலுவலக மாடிகளும் கொண்ட பெருந்திட்டம் ஒன்றைத் தயாரித்து வைத்திருந்தது தெரியவந்தது. இப்படிப்பட்ட ஊரில் 'மேம்பாடு' என்ற சொல்லைக் கேட்டாலே வீட்டுக்காரர் கதவைச் சாத்துவார்.

நடைமுறையில் குழு அமைக்கும்போது கவனிக்க வேண்டியவை சில. கூட்டம் மாலையில், வேலை முடிந்து வருகிறவர்களுக்கு வசதியான நேரத்தில் இருக்க வேண்டும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு வேண்டும், இல்லையென்றால் தாய்மார்கள் வரமாட்டார்கள். டட்லியில் ஆங்கிலம், ஸ்பானியம், கேப் வெர்டி கிரியோல் என மூன்று மொழிகளிலும் கூட்டம் நடந்தது. வாடகைக்கு இருப்பவர்களை விட்டுவிட்டு வீட்டு உரிமையாளர் சங்கத்தை மட்டும் அழைப்பது பலர் செய்யும் தவறு. விலை ஏறினால் உரிமையாளருக்கு லாபம், வாடகைதாரருக்கு வெளியேற்றம். இருவர் நலனும் ஒன்றில்லை என்பதை முதல் நாளே ஒத்துக்கொண்டால் பின்னால் சண்டை குறையும்.

திட்டத்துக்கு முன் ஒரு சின்ன வெற்றி

பெரிய திட்டம் முடிய வருடங்கள் ஆகும். அதுவரை மக்கள் வந்துகொண்டிருக்க ஒரு காரணம் வேண்டும். 1986இல் டி.எஸ்.என்.ஐ. எடுத்த முதல் போராட்டம் 'எங்கள் மேல் குப்பை கொட்டாதீர்கள்'. கோரிக்கை தெளிவானது: கைவிடப்பட்ட கார்களை அகற்று, காலிமனைகளைச் சுத்தம் செய், அனுமதியின்றி நடக்கும், குப்பையைச் சேர்த்து லாரி மாற்றி அனுப்பும் நிலையங்களை மூடு. அப்போதைய மேயர் ரே ஃப்ளின் அந்த நிலையங்களை மூட நடவடிக்கை எடுக்க வேண்டிவந்தது.

சின்ன வெற்றிக்குச் சில குணங்கள் வேண்டும்: சில மாதத்தில் முடிய வேண்டும், கண்ணால் பார்க்க முடிய வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்பது தெளிவாக இருக்க வேண்டும், நிலத்தைப் பற்றிய இறுதி முடிவை எந்தப் பக்கமும் கட்டிப்போடக் கூடாது. கடைசிக் குணத்தைப் பலர் மறக்கிறார்கள். காலிமனையில் அவசரமாக விளையாட்டுத் திடல் போட்டால், மூன்று வருடம் கழித்து அங்கேதான் வீடுகள் வரவேண்டும் என்று திட்டம் சொல்லும்போது சொந்த மக்களோடே மோத நேரிடும்.

மனைக் கணக்கெடுப்பு

இனி திட்டத்தின் எலும்புக்கூடு. ஒவ்வொரு மனையையும் நடந்தே போய்ப் பார்த்து எழுத வேண்டும். செயற்கைக்கோள் படம் போதாது. இருவர் கொண்ட குழு ஒரு நாளில் ஏறத்தாழ 50 மனை பார்க்கலாம். 1,300 மனைக்கு 26 குழு-நாட்கள். ஐந்து குழு இறங்கினால் ஒரு வாரத்தில் முடியும். ஒவ்வொரு மனைக்கும் எழுத வேண்டியவை: மனை எண், அகல நீளம், இப்போதைய பயன்பாடு, கட்டடம் இருந்தால் கூரை, சுவர், அடித்தளம் மூன்றின் நிலை தனித்தனியாக, ஆள் குடியிருக்கிறார்களா, தண்ணீர் மின் இணைப்பு உண்டா. ஒரே தெருவைப் பகலில் ஒருமுறை, இருட்டியபின் ஒருமுறை பார்ப்பது நல்லது. பகலில் காலியாகத் தெரியும் வீட்டில் இரவில் விளக்கு எரியும்.

அடுத்த பாதி வேலை அலுவலகத்தில். ஒவ்வொரு மனைக்கும் உரிமையாளர் யார், எங்கே இருக்கிறார், கடைசியாக எப்போது எந்த விலைக்குக் கைமாறியது, சொத்து வரி எத்தனை வருடம் பாக்கி, அடமானமோ வழக்கோ உண்டா. நம் ஊர் மொழியில் சொன்னால் வில்லங்கம் பார்ப்பது. வரி பாக்கி வைத்த மனைகளின் பட்டியல் தங்கச் சுரங்கம். உள்ளூராட்சி சட்டப்படி எடுத்துக்கொள்ளக்கூடியவை அவை.

இரண்டையும் ஒரே வரைபடத்தில் வண்ணமிட்டால் பேட்டை மூன்று விதமாகப் பிரியும்: உறுதியாக நிற்கும் தெருக்கள், ஆட்டம் கண்ட தெருக்கள், உள்ளே வெறுமையான தெருக்கள். எங்கே தொடங்குவது? மிக மோசமான இடத்தில் என்று மனசு சொல்லும். அங்கே கட்டும் நாலு வீடு பாலைவனத்தில் தனித்து நிற்கும். வாங்கியவர் இரண்டு வருடத்தில் விற்றுப் போவார். உறுதியான தெருவின் ஓரத்திலிருந்து ஆட்டம் கண்ட தெருவை நோக்கி நகர்வதே சரி. ஏற்கெனவே நிற்கும் வீடுகளின் கூரையைப் பழுதுபார்க்கும் சின்னக் கடனும் இங்கேதான் அதிகம் பலன் தரும். ஒரு வீடு காலியாகாமல் காப்பது புது வீடு கட்டுவதைவிடப் பெரும்பாலும் மலிவு.

டி.எஸ்.என்.ஐ. மாநகராட்சி திட்டம் போட்டுத் தரும் வரை காத்திருக்கவில்லை. தன் பணத்தில் டி.ஏ.சி. இண்டர்நேஷனல் என்ற திட்ட ஆலோசனை நிறுவனத்தை அமர்த்தி, 1987இல் முழுத் திட்டத்தையும் முடித்தது. அதை மாநகராட்சி ஏற்றுக்கொண்டது. ஆலோசகருக்குச் சம்பளம் கொடுப்பவர் யாரோ அவருடைய கேள்விக்குத்தான் பதில் வரும், அதனால் இந்த ஒரு முடிவு அறிக்கையின் ஒவ்வொரு பக்கத்திலும் தெரிந்தது.

சதுரங்கப் பலகை மாதிரி கிடந்த நிலம்

திட்டத்தின் நடுவே டட்லி முக்கோணம் என்ற 64 ஏக்கர் பகுதி. அதில் சுமார் 30 ஏக்கர் காலி. காலியில் பாதி, 15 ஏக்கர் போல, மாநகராட்சியுடையது. மீதி தனியாருடையது. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடந்தன: மாநகராட்சி மனை ஒன்று, பக்கத்தில் ஊரை விட்டுப் போனவரின் மனை, அடுத்து வாரிசு தெரியாத மனை, அடுத்து விலை ஏறட்டும் என்று காத்திருக்கும் ஒருவரின் மனை. துண்டு துண்டான மனையில் கட்டுநருக்குச் செலவு கூடும், வங்கி கடன் தராது, தெருவையும் குழாயையும் ஒழுங்காகப் போட முடியாது.

திட்டத்தை வெளியிட்ட அன்றே இன்னொரு சிக்கல் பிறக்கும். இங்கே வீடுகள் வரப்போகின்றன என்று தெரிந்ததும் காலிமனைக்காரர் விலையை ஏற்றுவார். அரசு உதவித்தொகை முழுதும் நில விலையாகவே அவர் பைக்குள் போகும். மீட்புத் திட்டங்கள் தோற்பதில் பெரும்பங்கு இந்த ஒரு இடத்தில்தான் என்பது எங்கள் கணிப்பு.

டட்லி மக்கள் கேட்ட தீர்வு அதுவரை அமெரிக்காவில் எந்தக் குடியிருப்பு அமைப்புக்கும் கிடைக்காதது: நிலம் கையகப்படுத்தும் அதிகாரம். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் 121ஏ என்ற சட்டப்பிரிவில் நகர்ப்புற மறுமேம்பாட்டு நிறுவனத்துக்கு அந்த அதிகாரம் தரலாம். டட்லி நெய்பர்ஸ் என்ற துணை நிறுவனத்தை உருவாக்கி விண்ணப்பித்தார்கள். 1988 நவம்பரில் மறுமேம்பாட்டு ஆணையம் ஒப்புதல் அளித்தது. வெஸ்ட் எண்டை இடித்த அதே ஆயுதம், இப்போது குடியிருப்பவர்களின் கையில்.

ஆயுதம் ஒன்றானாலும் எல்லை வேறு. முக்கோணத்துக்குள் இருக்கும் காலிமனைகளுக்கு மட்டுமே இந்த அதிகாரம். ஆள் குடியிருக்கும் வீட்டைத் தொட முடியாது. எடுக்கும் மனைக்குச் சந்தை விலை இழப்பீடு தரவேண்டும், உரிமையாளர் நீதிமன்றம் போகலாம். யாரையும் வெளியேற்றாத மேம்பாடு என்பதே அவர்களின் முழக்கம் என்பதால் இந்த எல்லையைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள். அதிகாரம் இருப்பதாலேயே பேச்சு வார்த்தையில் விலை படியும் என்பது இதன் இன்னொரு பயன்.

ஆனாலும் வேகம் வந்துவிடவில்லை. இழப்பீட்டுக்குப் பணம் வேண்டும். 1992இல்தான் ஃபோர்டு அறக்கட்டளையிடமிருந்து 20 லட்சம் டாலர் கடன் கிடைத்தது. நடுவில் பாஸ்டன் வீட்டுச் சந்தையே சரிந்து, 1991 ஜனவரியில் பேங்க் ஆஃப் நியூ இங்கிலாந்து திவாலானது. முதல் கூட்டம் 1985இல். புது வீடுகளில் ஆள் குடியேறத் தொடங்கியது 1990களின் நடுவில். பத்து வருடம் என்பது இந்த வேலையில் தாமதம் ஆகாது, சாதாரண வேகம்தான். ஐந்தாண்டுத் தேர்தல் கணக்கில் போடும் திட்டங்கள் கல்வெட்டோடு நிற்பது இதனால்தான்.

நிலம் அறக்கட்டளைக்கு, வீடு குடும்பத்துக்கு

வாங்கிய நிலத்தை விற்றுவிட்டால் முதல் குடும்பம் மட்டும் பிழைக்கும். அடுத்து வருகிறவர் சந்தை விலைதான் கொடுக்க வேண்டும். அதனால் டட்லி நெய்பர்ஸ் சமூக நில அறக்கட்டளையாக இயங்கியது. நிலம் என்றும் அறக்கட்டளையுடையது. அதன்மேல் உள்ள வீட்டைக் குடும்பம் வாங்கும், நிலத்துக்கு 99 ஆண்டுக் குத்தகை. வீடு வாரிசுக்குப் போகும். விற்கவும் செய்யலாம், ஆனால் குத்தகைப் பத்திரத்தில் எழுதிய சூத்திரப்படிதான் விலை.

ஒரு கற்பனைக் கணக்கு. வீடும் மனையும் சேர்த்துச் சந்தை மதிப்பு 2,00,000 டாலர். அரசும் நன்கொடை அறக்கட்டளைகளும் தரும் உதவி 80,000. குடும்பம் கொடுப்பது 1,20,000. பத்து வருடத்தில் மதிப்பு 3,00,000 ஆகிறது. கட்டுப்பாடு இல்லையென்றால் குடும்பம் 3,00,000க்கு விற்கும். 80,000 உதவித்தொகையும் அதோடு போகும். அடுத்து ஒரு ஏழைக் குடும்பம் வரவேண்டுமென்றால் மறுபடி, முன்பைவிடப் பெரிய உதவி தேட வேண்டும். உயர்ந்த மதிப்பில் 25 விழுக்காடு விற்பவருக்கு என்று சூத்திரம் வைத்தால், 1,00,000இல் 25,000 அவருக்கு. அடுத்தவர் 1,45,000க்கு வாங்குவார். விற்பவருக்கு அடைத்த கடன் அசலும் லாபத்தில் ஒரு பங்கும் கிடைக்கிறது. புது உதவி ஒரு டாலர்கூடத் தேவையில்லை. சூத்திரம் அறக்கட்டளைக்கு அறக்கட்டளை மாறும். லாபப் பங்கு மிகக் குறைவாக இருந்தால் யாரும் வாங்க வரமாட்டார்கள். மிக அதிகமானால் இரண்டு கைமாற்றத்தில் வீடு எட்டாத விலைக்குப் போய்விடும்.

இந்த ஏற்பாட்டின் வேர்களில் ஒன்று இந்தியாவில் இருக்கிறது. அமெரிக்காவின் முதல் சமூக நில அறக்கட்டளை, 1969இல் ஜார்ஜியா மாநிலத்தில் கறுப்பின விவசாயிகளுக்காகத் தொடங்கிய நியூ கம்யூனிட்டீஸ். அதன் சிற்பிகள் படித்து எடுத்துக்கொண்ட முன்மாதிரிகளில் வினோபா பாவேயின் கிராமதானமும் ஒன்று: நிலம் ஊருக்கு, உழும் உரிமை குடும்பத்துக்கு. தமிழ்நாட்டில் அந்த இயக்கத்தைச் சுமந்தவர்கள் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும். கிராமத்து நெல்வயலுக்கு நினைத்த ஏற்பாடு பாஸ்டனின் காலிமனைக்குப் போய்ச் சேர்ந்தது.

இப்படிப்பட்ட குத்தகைப் பத்திரம் வங்கிகளுக்குப் பழக்கமில்லாதது, எனவே அவை அடமானம் பிடிக்கத் தயங்கும். முதல் வீடு விற்கும் முன்பே இரண்டு மூன்று வங்கிகளோடு பத்திரத்தின் வாசகத்தைப் பேசி முடித்திருக்க வேண்டும். தவணை தவறினால் வங்கி நடவடிக்கை எடுக்கும் முன் அறக்கட்டளைக்கு அறிவிப்பு வரும், அது தலையிட்டு வீட்டைக் காக்கலாம் என்ற விதியையும் சேர்க்க வேண்டும். 2008 வீட்டுக்கடன் நெருக்கடியில் இந்த விதியின் மதிப்பு தெரிந்தது. அமெரிக்கா முழுக்கவே நில அறக்கட்டளை வீடுகள் ஏலத்துக்குப் போனது மற்ற வீடுகளைவிட மிகக் குறைவு.

மண்ணும் பேருந்தும்

வீடு எரிந்த மனையின் மண்ணில் ஈயம் இருக்கும். அமெரிக்காவில் 1978இல் தடை செய்யப்படும் வரை வீட்டு வண்ணப்பூச்சில் ஈயம் கலந்தது. பெட்ரோல் புகையிலும் வந்தது. வீட்டு மண்ணில் கிலோவுக்கு 400 மில்லிகிராம் என்பது அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை நெடுங்காலம் வைத்திருந்த எச்சரிக்கை அளவு; 2024இல் 200 ஆகக் குறைத்தார்கள். பரிசோதனைச் செலவு சின்னது, மண்ணை அள்ளி மாற்றும் செலவு பெரியது. எனவே விலை பேசும் முன்பே பரிசோதிக்க வேண்டும். தோட்டம் போடுவதென்றால் அடியில் துணி விரித்து, மேலே நல்ல மண் கொட்டி உயரப் பாத்தி கட்டுவது வழக்கம். டட்லியில் பழைய வாகனப் பழுதுக்கூடம் இருந்த இடத்தில் இப்போது 10,000 சதுர அடியில் பசுமைக்குடில் நிற்கிறது.

பேட்டைக்கு வெளியே எடுக்கும் முடிவு உள்ளே இருக்கும் திட்டத்தைக் கவிழ்க்கும் என்பதற்கும் டட்லி சாட்சி. திட்டம் முடிந்த அதே 1987இல், வாஷிங்டன் தெருவின் மேல்பாலத்தில் ஓடிய ஆரஞ்சு ரயில்பாதை மேற்கே நகர்த்தப்பட்டது. டட்லி நிலையத்தின் ரயில் போனது. மாற்றாகச் சில்வர் லைன் பேருந்து வந்தது 2002இல். நில வரைபடத்தோடு பேருந்து, பள்ளி, குடிநீர் துறைகளின் அடுத்த பத்தாண்டுத் திட்டங்களையும் முதல் மாதமே கேட்டு வாங்கி வைக்க வேண்டும்.

இன்று அந்த அறக்கட்டளையின் நிலத்தில் 225க்கும் மேற்பட்ட வீடுகள் எட்டும் விலையில் நிற்கின்றன. கூடவே பூங்கா, நகர்ப்புறப் பண்ணை. ஆனால் வேலிக்கு உள்ளே இருப்பதை மட்டுமே வேலி காக்கும். அறக்கட்டளை நிலத்துக்கு வெளியே ராக்ஸ்பரி வாடகை ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. பேட்டை நன்றாக இருப்பதும் அதற்கொரு காரணம். இதற்கு விடை கணக்கெடுப்பு மேசையிலேயே இருக்கிறது: விலை மிகக் குறைந்திருக்கும் முதல் ஐந்து ஆண்டுகளில் காலிமனையோடு நிற்காமல், வாடகைக்கு விட்டிருக்கும் பழைய கட்டடங்களையும் எத்தனை முடியுமோ அத்தனை வாங்கி அறக்கட்டளைக்குள் கொண்டுவர வேண்டும். கூடவே, விற்பனை விலை கட்டுப்பட்ட வீட்டுக்குச் சந்தை மதிப்பில் சொத்து வரி போடக்கூடாது என்று மாநகராட்சியிடம் முதல் வீடு விற்கும் முன்பே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். வாங்காவிட்டால் 1,45,000க்கு மேல் விற்க முடியாத வீட்டுக்கு 3,00,000க்கான வரிச்சீட்டு வரும்.